ஓட்டை போட்ட காகிதப் பை

அந்தக் காகிதப் பையை இன்னும் வைத்திருக்கிறேன். பழுப்பு நிறம், நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓர் ஓட்டை. மருமகள் இரண்டு தடவை அடுப்பில் போடப் பார்த்தாள். விடுவேனா?

கொடுத்தவர் சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா. புகையிலை அடக்கி அடக்கி என் கன்னத்துக்குள் வந்த புண்ணைப் புற்று என்றார்கள். வெளிச்சம் காட்டிப் புற்றைக் கொல்லும் வைத்தியத்தை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். அது சும்மா கிடக்கும். நாலு நாள் கழித்துச் சிவப்பு வெளிச்சம் பட்டால்தான் விழித்துக்கொண்டு புண்ணைத் தின்னும். "இது ஆராய்ச்சிதான் ஆயா. கட்டாயம் தேறும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்காகவே கைநாட்டு வைத்தேன். கைநாட்டு வைத்தால் மை காயும்வரை விரலை ஆட்டிக்கொண்டிருப்பது என் பழக்கம். அது கிடக்கட்டும்.

தொல்லை அதற்கப்புறம்தான். உடம்பில் மருந்து இருக்கும்வரை வெயில் ஆகாது. ஒரு மாதம் கழித்துப் பைக்குள் கையை விட்டு, ஓட்டை வழியாகப் பத்து நிமிஷம் வெயில் காட்ட வேண்டும். மறுநாள் சிவக்காவிட்டால் வெளியே போகலாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, வெயிலில் களை பறித்தே வாழ்ந்தவள் நான். சன்னலில் சேலையைக் கட்டியதில் கல்வராயன் மலைகூடக் கண்ணில் படவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"இன்னா அத்தே, கூண்டுல போட்ட கோழியாட்டம் வூட்டையே சுத்திக்கினு இருக்கிறீங்க? செத்த குந்துங்க!" என்பாள் மருமகள்.

மருந்து ஏற்றிய இருபதாம் நாள் பொங்கல். பானை பொங்கியதும் சூரியனுக்குக் கற்பூரம் காட்டுவது நான்தான். மாமியாருக்குப் பின் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. போகிக்கு முந்தின நாள், யாரும் பார்க்காதபோது, பைக்குள் கையை விட்டு வாசலுக்கு நீட்டினேன். பத்து நிமிஷம் பார்க்கக் கடிகாரத்துக்கு நான் எங்கே போவேன்? நாலு குடம் தண்ணீர் இறைக்கிற நேரம் என்று வைத்துக்கொண்டேன். விடிந்தால் புறங்கையில் வட்டமாகக் கொப்புளம்.

முந்தானையில் மறைத்தேன். தெரிந்தால் வைத்தியத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று பயம். அன்றைக்கென்று டாக்டரம்மா போன் செய்தார்.

"எப்படி இருக்கீங்க ஆயா?"

"எனுக்கு இன்னாங்க, கல்லாட்டம் இருக்கேன்."

சொன்னேனே தவிர நெஞ்சு ஒப்பவில்லை. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லையே.

"டாக்டரம்மா, ஒரு திருட்டு வேலை பண்ணிட்டேங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏன் ஆயா, பத்து நாள் கழிச்சுச் சூரியன் வராதா?"

"சூரியன் வரும், பொங்கல் வராதுங்களே!"

சிரித்துவிட்டார். "நல்லவேளை சொன்னீங்க. உங்களைத் தள்ளல, எழுதி வச்சுக்கிறேன். நடுவுல பண்டிகை வருதான்னு கேக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

அந்தப் பொங்கலுக்கு மருமகள்தான் கற்பூரம் காட்டினாள். நான் உள்ளே இருந்தபடியே "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன்.

புண் ஆறிவிட்டது. ஆனாலும் சோதனைக்குப் போகும்போதெல்லாம் பெஞ்சில் இருப்புக் கொள்ளாது. இந்த முறை டாக்டரம்மா இல்லை, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். பக்கத்தில் அதே வைத்தியத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண். நர்ஸ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து எடுத்த எடுப்பில் அவளைக் கேட்டாள்: "அடுத்த மாசம் வீட்டுல பொங்கல், திருவிழா எதாச்சும் வருதாம்மா?"

அது என் கேள்வி! எழுதப் படிக்கத் தெரியாத நான் அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்துக் கையை உள்ளே விட்டேன். வட்டத் தழும்பு ஓட்டைக்குள் சரியாக உட்கார்ந்தது. வெயிலுக்கு நீட்டினேன்.