பச்சைச் சேலை விழாத படம்

எண்பதுகளில் நான் இரண்டு வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு சிறுபத்திரிகைக்குச் சினிமா விமர்சனம் எழுதுவது ஒன்று. யாராவது கேமரா தந்தால் ஆவணப்படம் எடுப்பது இன்னொன்று. விமர்சனத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குடிசையில் இருக்கும் கதாநாயகி கசங்காத சேலை கட்டி வந்தால் போதும், இரண்டு பக்கத்துக்குக் கிழித்துவிடுவேன். 'பொய்' என்ற சொல்லை அந்தக் காலத்தில் என்னைப்போல் யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றைப் படமெடுக்கப் போனேன். நூல் சுற்றும் ஓர் அம்மாவைத்தான் படத்தின் மையமாக நினைத்திருந்தேன். முதல் நாள் பார்த்தபோது தலை, புருவம், தோள் எல்லாம் பஞ்சுத் தூசி. அதுதான் எனக்கு வேண்டியது. மறுநாள் கேமராவோடு போனால், பச்சைப் பட்டுச் சேலை, தலைநிறையப் பூ, முகத்தில் அப்பிய பவுடர்!

"இதென்ன கல்யாண வீடா?" என்று கத்திவிட்டேன்.

"படம் எடுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீக? படம்னா பொறவு எப்படி வர்றதாம்?"

அவருக்குப் படம் என்றால் ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொள்வது. கணவர் பட்டாளத்தில், வடக்கே எங்கோ. போன லீவில் அவர் வாங்கி வந்த சேலை அது. "அடுத்த லீவுல வந்து அவிய பாப்பாக சார். அழுக்குச் சேலையில தினந்தான் நிக்கேன்."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவர் வேலைச் சேலையிலேயே வேலை பார்ப்பது. கடைசி நாள் பச்சைச் சேலையில் ஒருமுறை எடுப்பது. அவர் சொன்ன சொல் தவறவில்லை. கடைசி நாள் வந்தபோது என்னிடம்தான் பிலிம் தீர்ந்திருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் முகம் வாடும், பேச்சு வளரும். ஒளிப்பதிவாளரிடம், "சும்மா ஓட்டு" என்று கண்ணைக் காட்டினேன். பிலிம் இல்லாத கேமரா கடகடவென்று ஓடியது. தறிக்கு முன்னால் அவர் விறைப்பாக நின்றார்.

"கண்ணச் சிமிட்டலாமா சார்?"

"தாராளமா. ஜம்முனு வந்திருக்கும்மா."

சில மாதங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். லீவில் வந்திருந்த கணவரை அழைத்துக்கொண்டு, அந்த அம்மா அதே பச்சைச் சேலையில் பஸ் ஏறி வந்துவிட்டார். நான் நின்றிருந்த புரொஜெக்டருக்கு முந்தின வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். திரையில் பஞ்சு படிந்த அந்த முகம் வரும்போதெல்லாம் அவர் கணவரிடம் குனிந்து சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"செத்த பொறுங்க. இனிமேதான் பச்சைச் சேலை வரும்."

படம் முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது. சனங்கள் கை தட்டினார்கள். அந்த அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"சார், அந்தப் பச்சைச் சேலை?"

"அது... பிலிம்ல விழலம்மா. மெஷின் கோளாறு."

ஒரு கணம் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த கணம் அவரே என்னைத் தேற்ற ஆரம்பித்தார். "மெஷின்னா அப்படித்தான் சார். எங்க தறியும் நல்லா ஓடுற மாதிரியே சத்தம் போடும். குனிஞ்சு பாத்தா நூல் அத்துப்போயி வெத்தா ஓடிக்கிட்டிருக்கும். நீங்க என்ன செய்வீக? மனசுல வச்சுக்கிடாதீக."

கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். வாசல் தாண்டும்போது அந்த அம்மா அவரிடம் சொன்னதும் காதில் விழுந்தது: "பாவம், அந்த சாருக்கு எம்புட்டு வருத்தம் பாத்தீகளா?"

வெட்கத்தில் செத்தேன். அதற்குப் பிறகு பிலிம் இல்லாமல் நான் கேமராவை ஓடவிட்டதில்லை. ஆனால் ராஜபாளையத்துக்கு அரை மணி நேர பஸ் பயணம்தான். போய் அவரிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை.