நான் நகர்த்திய நான்கு கட்டைகள்

இதை எழுதுவதற்குப் பல வருடங்களாகக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

எனக்கு ஒஸ்லோவில் ஒரேயொரு சிநேகிதன். வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒரே அறையில் இருந்து, ஒரு சோடிப் பனிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டவர்கள் நாங்கள். பிறகு நான் ரொம்சோஸ் அடுக்குமாடியில் தங்கிவிட்டேன். அவன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினான். அதில் எனக்கு எரிச்சல் இல்லை, சத்தியமாக. வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடைப்பள்ளியில் அவன் பூசணிக்காய் வெட்ட, நான் தேங்காய் துருவ, வாரம் முழுவதையும் கதைத்துத் தீர்ப்போம்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து நாலைந்து வருடத்தில் அவன் வெள்ளிகளில் வராமல் விட்டான். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, அவனோடு ஏதோ விளையாடுகிறாராம். சாமியை மறந்துவிட்டானே என்றுதான் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வெள்ளி, சர்க்கரைப் பொங்கலோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, அவர் கீழை யுத்தத்திலை நிக்கிறார்" என்று அவன் மனைவி சிரித்தா.

படியிறங்கும்போது நோர்வேக்காரரின் குரல் கேட்டது: "வா ஓம்?" உடனே என் சிநேகிதனும், "வா ஓம்!"

எனக்கு நெஞ்சு காந்தியது. அவருக்குத் தமிழ் படிப்பித்து, ஒருவர் 'வா' என்று கூப்பிட மற்றவர் 'ஓம்' என்கிறார்களாக்கும்.

"வெள்ளையனுக்குத் தமிழும் சொல்லிக் குடுத்திட்டியோ?" என்றேன்.

"விசரா, அது நோர்ஸ்க் பாஷை! 'இப்பிடி நடந்திருந்தால் என்ன' எண்டு அர்த்தம். இத்தனை வருசம் இஞ்சை இருந்து என்னத்தைக் கிழிச்சனீ?" என்றவன், அதை அவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் 'சேர்ந்து'தான் சுட்டது.

மேசைப்பந்து மேசை முழுவதும் ஐரோப்பா வரைபடம். முதலாம் உலக யுத்தத்தின் தொடக்கம். கறுப்புக் கட்டைகள் ஜெர்மன் படை, அவை என் சிநேகிதனுடையவை. நீலம் பிரான்ஸ்.

"ஜெர்மன்காரர் வலப்பக்கத்தைப் பலமாக்கி, பெல்ஜியத்துக்குள்ளாலை போய், பாரிஸைச் சுத்தி வளைக்கிறதுதான் திட்டம். உண்மையிலை என்ன செய்தவங்கள் தெரியுமோ? இடைவழியிலை ரஷ்யாவுக்குப் பயந்து, வலப்பக்கத்திலை இருந்து கொஞ்சப் படையை உருவிக் கிழக்கை அனுப்பிட்டாங்கள். வா ஓம்? அனுப்பாமல் விட்டிருந்தால்? அதைத்தான் ரெண்டு மாசமா விளையாடுறம்."

விரலால் அவன் காட்டிய பாதையைப் பார்த்தேன். "பாரிஸை இடம் சுத்துறாங்கள். வலம் வரத் தெரியாதவங்கள் உருப்படுவாங்களோ?"

"உனக்கு எல்லாம் கோயில்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்க மேலே போனான். நோர்வேக்காரர் புகைக்க வெளியே போனார்.

நான் தனியே நின்றேன். பெல்ஜியத்துக்குள் நின்ற அந்த வலப்பக்கப் படையின் கறுப்புக் கட்டைகளில் நான்கை எடுத்து, ரஷ்யப் பக்கத்தில் வைத்தேன். விரலில் பொங்கல் நெய் மணந்தது. விளையாட்டு குழம்பினால் வெள்ளிக்கிழமை திரும்பி வருவான். வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

அடுத்த வெள்ளி வந்தான். பூசணிக்காயை முன்னால் வைத்துக்கொண்டு வெட்டாமல் இருந்தான்.

"நான் களவாய்க் கட்டையளை நகர்த்தினனான் எண்டு அந்தாள் சொல்லிப்போட்டார் மச்சான். ஒவ்வொரு கட்டையின்ரை இடத்தையும் எழுதி வைக்கிற மனுசன். நான் தொடேல்லை எண்டு பிள்ளையாரிலை சத்தியம் பண்ணினன். அவருக்குப் பிள்ளையார் ஆர்?"

நான் தேங்காயைத் துருவிக்கொண்டே சொன்னேன்: "வெள்ளையள் அப்பிடித்தான். எங்களை நம்பமாட்டாங்கள்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அப்பிடிச் சொல்லாதை. மனுசி செத்தாப் பிறகு அந்தாளுக்கு ஆரும் இல்லை. போய்க் கதவைத் தட்டினனான். திறக்கேல்லை."

அந்தக் கோடையில் அவர் வீட்டை விற்றுவிட்டு லில்லெஸ்ட்ரோமில் மகனோடு இருக்கப் போனார். என் சிநேகிதன் இன்றுவரை ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. ஆனால் இடையிடையே கத்தியை நிறுத்திவிட்டு, "வா ஓம், அந்தாளே மறதியிலை நகர்த்தியிருந்தால்?" என்பான். அப்போதெல்லாம் நான் குனிந்து துருவுவேன். சிரட்டை வரை துருவி, வெள்ளைத் தேங்காய்ப்பூவில் கறுப்புத் தூள் விழுந்துவிடும்.

இந்தக் கொப்பியை முதலில் அவன் கையில்தான் கொடுக்கப்போகிறேன். அதற்குப் பிறகு யாரும் வாசிக்கட்டும். அந்தப் பெரியவரைத் தெரிந்தவர்கள் இதை அவருக்கு அவருடைய மொழியிலும் சொல்லுங்கள். ஆனால் 'பாவம், தெரியாமல் கைபட்டுவிட்டது' என்று எனக்காக ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம். நான்கு கட்டைகள், என்னுடைய வலது கை, வேண்டுமென்றே. இந்தக் கதைக்கு 'வா ஓம்' கிடையாது.