மடியில் வாங்கிய பிள்ளை

இன்னிக்குக் காலையில சுங்கை வேயிலிருந்து மினி பஸ். அதிசயமா உட்கார இடம் கிடைச்சது.

பக்கத்துல ஒரு அக்கா கைப்பிள்ளையோட நின்னாங்க. நிக்கிறவங்க பிள்ளையை உட்கார்ந்திருக்கவங்க மடியில வாங்கிக்கணும், நம்ம பஸ்ல அப்படித்தானே. வாங்கிட்டேன்.

உடம்பு கொதிக்குது. சட்டைக்குள்ள வேப்பிலை. கழுத்தெல்லாம் கொப்புளம்.

"என்னக்கா இது?"

"ஆத்தா வந்திருக்கா தம்பி. பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போறோம், அவ மனசு குளிரட்டும்னு."

பக்கத்து சீட்டு அங்கிள் பிள்ளை காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

திருப்பிக் கொடுக்கலாம்னா அக்காவுக்குக் கை நீட்டக்கூட இடமில்ல. கண்டக்டர் "டாலாம் லாகி, டாலாம் லாகி"ன்னு இன்னும் ஆளை உள்ளே தள்ளிட்டே இருந்தார். பிள்ளை என் தோள்ல சாஞ்சு தூங்கிடுச்சு. அதுக்கப்புறம் எப்படித் தள்ளி வைக்கிறது?

எனக்கு அம்மை வந்ததே இல்ல. என் மனைவிக்கும் வந்ததில்ல. அவளுக்கு இது ஏழாவது மாசம்.

ஆபீஸ் வந்ததும் டாக்டருக்குப் போன் அடிச்சேன். "கொஞ்ச நாளைக்கு மனைவி பக்கத்துல போகாதீங்க. கூட்டத்துக்குள்ளயும் போகாதீங்க, உங்ககிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும்"னார்.

எங்களுக்கு இருக்கிறது ஒரே ரூம். அதை விட்டு வெளியே வந்தா மினி பஸ்.

பக்கத்துல யாருமே இல்லாம ஒருத்தன் இருக்கக்கூடிய இடம் இந்த ஊர்ல எங்கேன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க லா. எந்த பஸ் பிடிச்சு அங்க போறதுன்னும் சேர்த்தே எழுதிடுங்க.