தெரு சொல்லும் நற்சான்று

என் மகளுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் ஒரு போலீஸ்காரர் ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்தார். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தலை குனிந்து தைக்கிறவள் நான். அவருக்குக் காபி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

எதிர்வீட்டில் இருக்கும் என் கணவரின் அண்ணன், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு தங்கம் சார். ஆனா காலேஜ்ல மனசு சரியில்லாம போய்டுச்சு. இன்னும் மாத்திர சாப்புடுது. குண்டு செய்ற எடம், பாத்துக்குங்க."

மகள் அதை மறைக்கவே இல்லை. விண்ணப்பத்திலேயே எழுதி, டாக்டர் சான்றிதழும் வைத்திருந்தாள். ஆனாலும் அவள் முகம் செத்துப்போனது. எனக்குப் பற்றி எரிந்தது.

"மாமா, உங்க பையன் குடிச்சிட்டு பொண்டாட்டி மண்டைய ஒடச்சான். அவன் வேலைக்கு விசாரிக்க வந்தப்ப தெருவே நல்ல பையன்னு சொல்லிச்சு. டாக்டர்கிட்ட போய் மாத்திர சாப்புட்றவ மென்டலு, அவன் நல்லவனா?"

"இன்னாம்மா, சார் எதிர்ல..." என்று எழுந்தார் அவர்.

"இருங்க பெரியவரே," என்றார் போலீஸ்காரர். "பாப்பா எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்கு. மறைச்சிருந்தாதான் பேஜாரு."

வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. என் கோபமும் ஆறவில்லை. இனி இந்தத் தெருவில் எந்தப் பையனைப் பற்றி விசாரிக்க வந்தாலும், என்னையும் கேட்கட்டும்.