ஒரு நிமிஷ அக்காவின் முப்பத்தொரு சதவீதம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘ஒரு நிமிஷ அக்கா’ என்று பெயர். யாருடைய புரோகிராம் மக்கர் செய்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஒரு நிமிஷம், தள்ளு” என்பார். அந்த ஒரு நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆகும். சரியானதும், “உன் பேர்லயே முடிச்சுடு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். வேலையைப் பதிகிற மென்பொருளில் தனக்கென்று ஒரு கார்டு திறந்து, யாருக்கு, எதற்கு, எத்தனை மணி என்று நிரப்ப அவருக்குப் பொறுமை கிடையாது. நாங்களும் வெட்கமே இல்லாமல் எங்கள் பெயரில் முடித்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நானும்தான். அலுவலக நேரத்தில் யார் எத்தனை சதவீதம் வேலை செய்தார்கள் என்று, கார்டுகளில் உள்ள மணிக்கணக்கை வைத்து வெள்ளிக்கிழமைதோறும் பட்டியல் எடுத்து மேலே அனுப்புவது என் பொறுப்பு. மூன்று மாதமாக அக்காவின் பெயருக்கு நேரே இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்றே சதவீதம் விழுந்தது. பார்த்துக்கொண்டே அனுப்பினேன், மடச்சி!

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். “அடுத்த பிராஜெக்டுக்கு ஆள் குறைக்கச் சொல்றாங்கம்மா. நாப்பதுக்குக் கீழ இருக்கறவங்க வேணாம். புதன்கிழமை லிஸ்ட் குடுத்துடுங்க.”

நாற்பதுக்குக் கீழே ஒரே ஒருவர்தான். வேறு பிராஜெக்ட் எதுவும் கைவசம் இல்லை; பட்டியலில் பெயர் இல்லையென்றால் வேலையும் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் முதுகில் அறுவை சிகிச்சையாகி ஏழு மாதமாகப் படுத்திருக்கிறார். இரண்டு பெண்களும் பள்ளியில். அந்தக் குடும்பத்தின் பிழைப்பில் என் கையாலேயே மண்ணைப் போட்டிருந்தேன்.

போய்ச் சொன்னேன். அக்கா திரையைப் பார்த்தபடியே, “சரி விடுடி. கம்ப்யூட்டர் பொய்யா சொல்லப்போகுது?” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “உங்களுக்குச் சண்டை போடவே தெரியாதாக்கா?” என்று கத்திவிட்டு வந்தேன்.

மதியம், அக்கா சாப்பிடப் போன நேரத்தில் எல்லோரையும் கூட்டினேன். “மூணு மாசத்துல முடிச்ச கார்டு ஒவ்வொண்ணையும் திறங்க. அக்கா உக்காந்த நேரத்தை அக்கா பேருக்கு மாத்துங்க. மனசாட்சியோட.”

யாரும் மவுஸைத் தொடவில்லை. அவரவர் எண் சரியும் என்று அவரவருக்குத் தெரியும். கடைசியில், வேகக்காரன் என்று நாங்கள் ‘ராக்கெட்’ என்று கூப்பிடும் புரோகிராமர்தான் முதலில் கார்டைத் திறந்தான். “என் வேகத்துல பாதி அவங்களோடதுதான்” என்று முணுமுணுத்தான். தொண்ணூற்றாறில் இருந்தவன் ஐம்பத்தெட்டுக்கு இறங்கினான். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்த தலை நிமிராமல் மாற்றினார்கள். என் பங்கு பதினெட்டு மணி நேரம். நல்லவேளை, யாரும் நாற்பதுக்குக் கீழே போகவில்லை.

புதன்கிழமை அக்காவின் எண் நூற்றுப் பதினாலு. அளவுக்கு மீறிய வேலை என்று மென்பொருள் சிவப்பில் காட்டியது. மேனேஜர் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். “இவங்களையா அனுப்பப் பாத்தோம்?” என்று புது பிராஜெக்ட் பட்டியலில் அக்காவின் பெயரை முதலில் எழுதினார்.

அக்கா பெயருக்கு மாறிய வேலைகளையெல்லாம் பட்டியலாக அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். வரி வரியாக விரலை ஓட்டிப் படித்தார்.

“இதெல்லாம் நானாடி?”

“பின்ன யாரு, பேயா வந்து செஞ்சுது?”

அக்கா சிரிக்கவில்லை. “தினம் வீட்டுக்குப் போனதும் அவரு, இன்னைக்கு என்ன வேலைன்னு கேப்பாரு. பெரிசா ஒண்ணும் இல்லன்னு சொல்லுவேன். அடக்கமெல்லாம் இல்லடி. நெஜமாவே நான் ஒண்ணும் செய்யலன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.”

தாளை மடித்து அவர் கைப்பையில் வைத்தேன்.

“இன்னைக்கு மாமா கேட்டா, இதைப் படிச்சுக் காட்டுங்கக்கா.”