கிணற்றுச் சேற்றில் கிழங்கு மாவு

பூமியில் குழாய் இறக்கித் துளை போடும் தொழிலில், துளைக்கிறவனைவிடச் சேறு கலக்குகிறவன்தான் அதிகம் திட்டு வாங்குவான். ஜப்பான்காரன் காலத்தில், ராசா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், அந்தத் திட்டுகளையெல்லாம் வாங்கியவன் நான். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே அந்தக் காலத்தைத் தாண்டியவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

தோசை மாவுப் பதம்

ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் வேலை நின்றுபோயிருந்தது. தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள்; போனவர்கள் திரும்பவில்லை. அப்போது ஜப்பான் முகாமுக்குத் தண்ணீர் எடுக்க ஆழ்துளைக் கிணறு போட ஆள் கேட்டார்கள். கிணற்று வேலையில் இருப்பவனைச் சயாமுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று பேச்சு. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஜப்பான் எஞ்சினியர் மோரி சுமத்ராவில் எண்ணெய்க் கிணறு தோண்டியவர். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, தோசை மாவுப் பதத்தில் துளைக்குள் பம்பால் செலுத்தச் சொன்னார். அதுதான் வெட்டிய மண்ணை மேலே கொண்டுவரும். துளையின் சுவரையும் சரியாமல் பிடித்துக்கொள்ளும். நீர்த்தால் சுவர் இடியும், இறுகினால் பம்பு நிற்கும். முதல் நாள் தலைமுடிவரை சேறாக வீட்டுக்குப் போனேன். என் மனைவி சிவகாமி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"குரல வச்சுத்தான் நீங்கன்னு தெரிஞ்சுது. பரவாயில்ல, தினமும் இப்படியே வீட்டுக்கு வாங்க, அது போதும்."

பூமிக்குக் கஞ்சி

துளை மணல் அடுக்கைத் தொட்டதும், சேற்றில் இருந்த தண்ணீரையெல்லாம் மணல் குடித்துவிட்டது. மோரி மரவள்ளி மாவு மூட்டைகளை வரவழைத்தார். மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேற்றில் கலந்தால் தண்ணீர் ஒழுகாதாம். காய்ச்சினோம். வாசனை பிடித்துக்கொண்டு பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு.

என்னோடு கலக்கிக்கொண்டிருந்த கறுப்பையாவின் தம்பி சயாமில் இருந்தான். தம்பியின் பிள்ளைகளையும் இவன்தான் பார்த்துக்கொண்டான். அண்டாவைச் சாய்க்கும்போது அவன் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, பூமிக்குக் கஞ்சி ஊத்துறோம் லா. வீட்டுல பிள்ளைங்களுக்கு ஊத்த வழியில்ல."

புளித்த சேறு

சில நாளிலேயே சேறு நுரைத்து நாறியது. சுவர் சரிந்து குழாய் மாட்டிக்கொண்டது. மாவைத் தின்றுவிட்டு வேறெதையோ கலந்துவிட்டோம் என்று காவல் சிப்பாய் கறுப்பையாவை அறைந்தான். இவனைச் சயாம் லாரியில் ஏற்று என்று கத்தினான்.

மோரி வந்து சேற்றை விரலில் எடுத்து முகர்ந்தார். வெயிலில் கஞ்சி புளித்திருக்கிறது, திருட்டு இல்லை என்று சொல்லிச் சிப்பாயை அனுப்பிவிட்டார். சுண்ணாம்பு சேர்த்தால் புளிக்காது என்று எங்களுக்கு மலாயில் விளக்கினார். பிறகு இரண்டு மூட்டைகளைக் காட்டி, "இவை நனைந்துவிட்டன, சேற்றுக்கு ஆகாது, வேலிக்கு வெளியே தள்ளுங்கள்" என்றவர், பம்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெண்கள் நின்ற இடத்தில் தள்ளினோம். கறுப்பையா வீங்கிய கன்னத்தோடு என் காதில் கேட்டான்.

"அண்ணே, மூட்டையில ஈரமே இல்லயே?"

தண்ணீர்

ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. சிப்பாய்கள் ஆடினார்கள். நாங்கள் ஆடவில்லை. வேலை முடிந்தால் அடுத்தது லாரிதானே? ஆனால் மோரி, சுங்கை காடுட் பக்கம் இன்னொரு கிணறு போட வேண்டும், இதே ஆட்கள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கறுப்பையா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அங்க தண்ணி ரொம்ப ஆழத்துல இருக்கணும்னு வேண்டிக்குங்க அண்ணே."

அவன் தம்பி திரும்பவே இல்லை. நாங்கள் இருவரும் ஜப்பான்காரன் போகும்வரை துளை போட்டுக்கொண்டிருந்தோம்.

சேறு கலக்கிப் பிழைத்தவன் என்று பிற்காலத்தில் என்னைக் கேலி செய்தவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: பிழைத்தேனே, அது போதாதா?