அந்த ஊசியைப் பற்றி நான் சொன்னது

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் உரமும் விதையும் விற்கும் கடை எங்களுடையது. திருமணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. அந்த ஐந்து வருடத்தில் என் மனைவி எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள், எத்தனை மாத்திரை விழுங்கினாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அடுத்ததாக என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். லோடு இறங்குகிறது, விதைப்புக் காலம், ஆள் இல்லை என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உண்மையில் எனக்குப் பயம்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். எழுந்த பிறகும் உடம்பு தேறவில்லை. ஐம்பது கிலோ உர மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் வைத்தவன், கீழே குனிந்தால் கண் இருட்டியது. மதியம் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தேன். மனைவியின் பக்கத்தில் படுக்கவே தயங்கினேன்.

என்னுடன் பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் டவுனில் ஜிம் வைத்திருக்கிறான். அவனிடம் மட்டும் இதைச் சொன்னேன்.

"ஏலே, ஒனக்கு டெஸ்டோஸ்டிரோன் கம்மியாயிருச்சுலே. ஆம்பளை ஹார்மோன். ஒரு ரத்தம் குடுத்துப் பாரு" என்றான்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, கடையை ஆளிடம் விட்டுவிட்டு, லேபில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் தாள் வந்தது. இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கீழே. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உண்டான கலக்கம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் ஆண்தானா என்று யாரோ எழுதிக் கேட்டதைப் போல இருந்தது.

டாக்டரிடம் போகவில்லை. நண்பனே ஊசி வாங்கி வைத்திருந்தான். "பத்து நாளைக்கு ஒண்ணு. மூட்டையும் தூக்குவ, பிள்ளையும் பெறுவ" என்று சிரித்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆண் ஹார்மோன் கூடினால் குழந்தை பிறக்கத்தானே வேண்டும்? மனைவியிடம் சொல்லவில்லை. குழந்தை உண்டான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் உடம்பு மாறியது. மூட்டை தூக்க முடிந்தது. பரளச்சிக்கும் வீரசோழனுக்கும் நானே வண்டி ஓட்டிக்கொண்டு போய் உரம் இறக்கினேன். ஆசையும் திரும்பியது. "இப்பத்தான் ஆளு தெளிவா இருக்கீங்க" என்று மனைவி சொன்னாள். ஆறு மாதம் இப்படி ஓடியது. இப்போது சோதித்தால் நல்ல ரிசல்ட் வரும் என்ற தைரியத்தில் நானாகவே அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரிசல்டைப் பார்த்த டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொன்னார். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினார்.

"விந்தணு ஒண்ணுகூட இல்ல. ஏதாவது ஊசி போடுறீங்களா? ஜிம்முக்குப் போவீங்களா?"

ஊசியைப் பற்றிச் சொன்னேன். "அது ஆம்பளை ஹார்மோன்தானே டாக்டர்? கூடினா நல்லதுதானே?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "இங்க வர்ற பாதிப் பேரு இப்படித்தான் நினைச்சுட்டு வர்றாங்க" என்றார். "உங்க வீட்டு மாடியில டேங்க் இருக்கா? நெறஞ்சா மோட்டாரு தானா நிக்கிற மாதிரி ஸ்விட்ச் வச்சிருப்பீங்கல்ல?"

"இருக்கு."

"நீங்க லாரித் தண்ணியக் கொண்டாந்து ஊத்தி டேங்க்கை நெறச்சுட்டீங்க. டேங்க் நெறஞ்சிருக்கேன்னு மூளை மோட்டாரை நிப்பாட்டிருச்சு. அந்த மோட்டாரு ஓடினாத்தான் விந்தணு உண்டாகும். இப்ப ஓடல."

திரும்ப ஓடுமா என்று கேட்டேன்.

"பெரும்பாலும் ஓடும். எத்தனை மாசத்துலன்னு என்னால சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு வருசம்கூட ஆகும். சிலருக்கு முழுசா வராமப் போறதும் உண்டு." பிறகு நான் கையோடு கொண்டுபோயிருந்த பழைய லேப் தாளை வாங்கி, அதை எடுத்த விவரத்தைக் கேட்டுக்கொண்டார். "காய்ச்சல் முடிஞ்ச கையோட, அதுவும் சாப்பிட்டுட்டு மதியம் எடுத்திருக்கீங்க. இதைக் காலையில எடுக்கணும். ஒருக்காவுக்கு ரெண்டு தரம் பார்க்கணும். இந்த ஒரு தாளை வச்சு யாரும் ஊசி போட மாட்டாங்க."

அன்று எடுத்த மற்ற ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. நன்றாகவே ஏறியிருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு என்னைச் சாய்த்தது அதுதான் என்றார். ஊசியை நிறுத்தச் சொல்லி, மோட்டாரைத் தட்டி எழுப்ப என்று வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் காரியாபட்டி தாண்டிய பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அஞ்சு வருசமா நான் குத்துப்பட்டேன். எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. நீங்க குத்திக்கிட்டது மட்டும் எனக்குத் தெரியக் கூடாதா?" என்றாள்.

அதற்குப் பிறகு பல நாள் சோறு போடுவதற்கு மட்டுமே கூப்பிட்டாள்.

ஊசியை நிறுத்தியதும் உடம்பு முன்பைவிட மோசமாகச் சோர்ந்தது. சின்னச் சத்தத்துக்குக்கூட எரிச்சல் வந்தது. விந்தணு திரும்பாமலே போய்விடுமோ என்ற பயம் கடையில் விதைப் பாக்கெட்டை எண்ணும்போதுகூட விடவில்லை. அந்தப் பயத்தையெல்லாம் நான் ஊசியின் மேல் காட்டினேன். கடைக்கு வரும் ஆண்களில் கொஞ்சம் பழகியவர்களிடமெல்லாம், "அந்த ஊசிப் பக்கம் போயிராதீக. அது ஸ்டீராய்டு. ஆளையே முடிச்சுரும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

பரளச்சியிலிருந்து ஒரு சம்சாரி மிளகாய்க்கு உரம் வாங்க வருவார். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அருகில் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்றது அந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியவா?"

"ஆமா."

"நான் ரெண்டு வருசமாப் போடுறேன். தலைக்குள்ள ஒரு கட்டி இருந்து மதுரையில ஆப்பரேசன் பண்ணுனாக. அதுலயிருந்து மூணு வாரத்துக்கு ஒருக்கா இந்த ஊசி, தெனம் மாத்திரை. வெளியில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்ன சொல்லுவாகன்னு ஒங்களுக்கே தெரியும்."

"மாத்திரையும் ஸ்டீராய்டா?" என்று கேட்டேன்.

"ஆமா, அப்படித்தான் டாக்டரு சொன்னாரு."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்? "ஸ்டீராய்டுன்னா எல்லாம் ஒண்ணுதான். என்னையப் பாருங்க. விட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உர மூட்டையுடன் போய்விட்டார். அன்றைக்கே நான் அதை மறந்தும்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவர் மனைவி கடை நம்பருக்குக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இவுக கொல்லையில மயங்கி விழுந்துட்டாக. ரெண்டு நாளா வாந்தி. டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். ஒங்களை வரச் சொல்றாக."

எதற்கு என்னை வரச் சொல்கிறார் என்று யோசித்தபோதே நான் அவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் முகம் வெளுத்துக் கிடந்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் அவர் மனைவியிடம், "தெனம் போட வேண்டிய மாத்திரைய நிப்பாட்டியிருக்காரு. யாரு நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்ல. உரக்கடை."

நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் பொறுமையாகவே விளக்கினார். ஆப்பரேஷனில் அவருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி வேலை செய்யாமல் போய்விட்டது. அந்த மாத்திரை உடம்பு தானாகச் செய்ய முடியாத ஒன்றை ஈடுகட்டுகிறது; ஒருநாள்கூட விடக் கூடாது. ஊசியும் அப்படி வேறொன்றை ஈடுகட்டுவதுதான். இரண்டும் ஒரே மருந்தும் இல்லை, ஒரே வேலையும் செய்வதில்லை. "உங்களுக்கு அந்த ஊசி தேவையே இல்ல, அதனால கெடுத்துச்சு. இவருக்கு அது இல்லன்னா எலும்பு தேயும், உடம்பு விட்டுப்போகும். இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் கொண்டுவந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ."

அன்று முழுக்க நான் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நர்ஸ் உள்ளே போய் வரும்போதும் எழுந்து நின்றேன். மதியம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். நேராக அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து, பாதியை அவர்களுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்க வந்தபோது, "பயப்படாதீங்க. கண்ணு முழிச்சுட்டாக" என்றாள். அந்த மதுரைப் பயணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க அண்ணாச்சி. எனக்கும் அதை விடணும்னு ரொம்ப நாளா ஆசை. ஊசி போடுற ஆளுன்னு பேரு வந்துருமேன்னு பயம். நீங்க சொன்னதைச் சாக்கா வச்சுக்கிட்டேன்" என்றார். அவரே அப்படிச் சொன்னபோதும் என் மனது ஆறவில்லை.

அடுத்த மாதம் அவருடைய டாக்டரைப் பார்க்க மதுரைக்கு நானும் கூடப் போனேன். ஊசி போட்டால் புற்றுநோய் வருமா, கோபக்காரனாகிவிடுவேனா, முடி கொட்டுமா என்று மனதில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவர் கேட்டார். டாக்டர் சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு அந்த ஊசி அதை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் புராஸ்டேட்டையும் ரத்தத்தின் கெட்டியையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சரியான அளவில் போட்டால் யாரும் கோபக்காரனாகிவிட மாட்டார்கள். சொந்தமாக அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. பரளச்சிக்காரர் ஊசியை மறுபடியும் தொடங்கினார். இப்போது பரளச்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்கிறார். பார்ப்பவர்கள் கேட்டால் சொல்லியும் விடுகிறாராம்.

ஜிம் நண்பனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. என் ரிசல்டைக் காட்டியதும் அதை வாங்கி மறுபடி மறுபடி படித்தான். அவனுக்கு அப்போதுதான் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவனும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

எனக்கு நான்காம் மாதப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஏழாம் மாதத்தில் கொஞ்சம் தென்பட்டது. அந்தத் தாளை முதலில் பிரித்தது என் மனைவிதான், நான் கேட்டுக்கொண்டதால். சர்க்கரை கட்டுக்குள் வந்து எடையும் குறைந்த பிறகு, காலையில் இரண்டு தடவை ரத்தம் எடுத்து ஹார்மோனைப் பார்த்தார்கள். சரியான அளவிலேயே இருந்தது. ஒரு வருடம் முடிந்தபோது டாக்டரம்மா, "இனி இயற்கையா முயற்சி பண்ணலாம்" என்றார்.

இப்போது என் மனைவிக்கு நான்காம் மாதம். வருகிற வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போகிறோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.